வௌவாலுக்குத் தீட்டுக் கேட்ட மிஸ்ஸி

எங்கள் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கிய முனியாண்டி கங்காணி தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசும் ஆள் அல்ல. எதுவானாலும் குரல் பதிவாகத்தான் அனுப்புவார். அதுவும் இருமல், செருமல், பக்கத்தில் ஓடும் தொலைக்காட்சி எல்லாவற்றையும் சேர்த்து. போன மாதம் ஒரு காலையில், எங்கள் மலைப்பக்கத்து ரிங்லெட் டவுனில் ஒரு கடையில் முட்டைக்கோஸ் பொறுக்கிக்கொண்டிருந்தபோது அவர் பெயர் கைப்பேசியில் ஒளிர்ந்தது. அழைப்பு என்று பார்த்ததுமே கையிலிருந்த கோஸை வைத்துவிட்டு எடுத்தேன். "மிஸ்ஸி போயிட்டாங்கயா," என்றார். கடைக்காரச் சீன அம்மா என் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டார். சொன்னேன். "அந்தக் கிளினிக் மிஸ்ஸியா?" என்று கேட்டுவிட்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தார். பிறகு இன்னொன்றை இழுத்துப் போட்டுத் தானும் உட்கார்ந்தார். அவருடைய மூத்த மகன் மிஸ்ஸியின் கையில் பிறந்தவன்.

இதைப் படிப்பவர்களுக்கு மிஸ்ஸி தனலட்சுமியை நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை. உங்களில் பாதிப் பேரை இந்த உலகத்தில் முதன்முதலில் தூக்கிப் பார்த்தவரே அவர்தான். மீதிப் பேருக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் தாதியரை மிஸ்ஸி என்றுதான் அழைப்போம். எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கிளினிக்குக்கு அவர் மலையடிவாரத்துத் தாப்பாவிலிருந்து வந்தபோது ஒரு பெட்டியும் ஒரு குடையும்தான் கொண்டுவந்தார். கணவர் இளம் வயதிலேயே தவறிவிட்டார், பிள்ளைகள் இல்லை. இந்தக் குளிர் தாங்காமல் ஓடிவிடுவார் என்று ஆலையில் பேசிக்கொண்டோம். அவரோ ஓய்வு பெறும்வரை இருந்தார், ஓய்வு பெற்ற பிறகும் பக்கத்து டவுனான தானா ராத்தாவைத் தாண்டிப் போகவில்லை. குரல் மட்டும் கொஞ்சம் பெரியது. தேயிலை ஆலையில் நான் சூப்பர்வைசராக இருந்தேன். இயந்திரங்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதும், வெளியே அவர் யாரையோ ஏசுவது எனக்குத் தெளிவாகக் கேட்கும்.

இரத்தம் பார்த்துப் பழகிய அந்த அம்மாள், ஓர் அட்டையைக் கண்டால் கிளினிக் மேசைமேல் ஏறிவிடுவார். கொழுந்து எடுக்கிற பெண்கள் காலில் அட்டையோடு வந்தால், முதலில் அட்டையை வெளியே விட்டுவிட்டு வரச் சொல்லி மேசைமேல் நின்றபடியே உத்தரவு போடுவார். இத்தனை பயம் ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "அதுக்கு முடியும் இல்ல, சூடும் இல்ல, பாலும் இல்ல. அதுகிட்ட எனக்கு என்ன பேச்சு தம்பி?" என்றார். அவருடைய கணக்கில் உயிர்கள் இரண்டே வகை. உடம்பில் முடி இருக்க வேண்டும், இரத்தம் சூடாக இருக்க வேண்டும், குட்டிக்குப் பால் கொடுக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால், "அப்புறம் என்ன, நம்ம ஆளு." இல்லாவிட்டால் அது வனவிலங்கு இலாகாவின் பொறுப்பு.

திமிங்கலத்துக்கு ஏது முடி என்று நான் மடக்கப் பார்த்ததுண்டு. "பொறக்கும்போது மூக்குப் பக்கம் ரெண்டு மூணு இருக்கும். உங்க தலையில இருக்கிறதவிட கொஞ்சம் கம்மி," என்று சொல்லிவிட்டு, என் கையில் ஊசியைக் குத்தினார். வலி தெரியாமல் ஊசி போடுவது எப்படி என்று பலர் அவரிடம் கேட்டிருக்கிறார்கள். எதிராளியை முதலில் அவமானப்படுத்திவிட்டால் போதும் என்பதை அன்று நான் தெரிந்துகொண்டேன்.

கிளினிக் கூரைக்குள் ஒரு மூசாங் குடியேறிய கதை பலருக்கு நினைவிருக்கும். தமிழில் மரநாய் என்கிறோமே, அதுதான். அது இருக்கும் இடத்தில், நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றில் போடுகிற பாண்டான் இலை வாசம் அடிக்கும். காய்ச்சலோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் மூக்கை உறிஞ்சிவிட்டு, "என்னா மிஸ்ஸி, நாசி லெமாக் ஆக்குறீங்களா?" என்று கேட்பார்கள். தோட்டத்து ஆபீசிலிருந்து கூண்டோடு ஆள் அனுப்பினார்கள். மிஸ்ஸி மேலே காதை வைத்துக் கேட்டார். குட்டிகள் சிணுங்கும் சத்தம். "இது பிரசவ வார்டு, பார்வையாளர் நேரம் முடிஞ்சுபோச்சு," என்று சொல்லிக் கூண்டை வந்த வழியே திருப்பி அனுப்பிவிட்டார். குட்டிகள் வளர்ந்து இடம் மாறும்வரை கூரைக்குமேல் தடதடவென்று ஓட்டம்தான். ஊசிக்குப் பயந்து அழும் பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம் நல்ல வேடிக்கையாக இருந்தது.

அவர் கணக்கும் தப்பியதுண்டு. ஒரு மழைநாளில் தோட்டத்துப் பாதையில் ஓர் எறும்புத்தின்னி உருண்டு கிடந்தது. உடம்பெல்லாம் செதில்; பந்துபோலச் சுருண்டிருந்தது. லோரியை நிறுத்திவிட்டு எல்லோரும் வேடிக்கை பார்த்தோம். மிஸ்ஸி குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார், தூரத்தில் நின்றே பார்த்தார். "இது பல்லி சாதி. நம்ம ஆளு இல்ல," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, ஆபத்து இல்லை என்று நினைத்ததோ என்னவோ, அது மெல்லப் பிரிந்தது. வயிற்றோடு ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி பால் குடித்துக்கொண்டிருந்தது. தாயின் அடிவயிற்றில் மெல்லிய முடி. மிஸ்ஸி குடையைச் சாய்த்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டார். "நான் தப்பு. ஐயோ, நான் ரொம்பத் தப்பு. சட்டைய மாத்திப் போட்டிருக்கு, அவ்வளவுதான்," என்றார். தோற்றதில் இத்தனை சந்தோஷப்பட்ட ஒருவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. குட்டி தாயின் வால்மேல் ஏறிக்கொள்ள, இரண்டும் காட்டுக்குள் போகும்வரை ஒரு லோரியையும் அவர் நகர விடவில்லை.

இனி வௌவால் விவகாரத்துக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் மிஸ்ஸியைப் பற்றி எழுதினால் முனியாண்டி கங்காணியே என்னோடு சண்டைக்கு வருவார்.

மிஸ்ஸி கிளினிக்கில் இருந்த காலத்தில் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வைத்திருந்தோம். கங்காணி கோயில் தலைவர், நான் செயலாளர். நாள் குறித்தாகிவிட்டது, அழைப்பிதழ் அடித்தாகிவிட்டது. மண்டபத்துக் கூரைக்குச் சாயம் பூசுவது மட்டும்தான் பாக்கி. அந்தக் கூரைச் சந்துகளில் வௌவால்கள் கூட்டமாகத் தொங்கின. தேங்காய் மட்டையும் வேப்பிலையும் போட்டுப் புகை மூட்டினால் ஒரே பொழுதில் ஓடிவிடும் என்று கங்காணி கூட்டத்தில் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். மிஸ்ஸி பின்வரிசையிலிருந்து எழுந்தார்.

"அதுங்க இப்பத்தான் குட்டி போட்டிருக்கு. புகை போட்டா பெருசுங்க பறந்துடும், குட்டிங்க அப்படியே கீழ விழுந்து சாவும். எந்த வீட்லயாச்சும் பிள்ள பெத்தவள புகை போட்டு வெரட்டுவாங்களா?"

"வௌவால் பறவ மிஸ்ஸி. பறவைக்கு ஏது பிள்ள? முட்டதானே போடும்," என்றார் கங்காணி.

"ஒரே ஒரு முட்டைய எடுத்துக் காட்டுங்க. நான் அவிச்சு உங்க முன்னாலயே சாப்பிடுறேன்."

இதோடு முடிந்திருக்கும். ஆனால் முன்வரிசையில் யாரோ, "குட்டி போட்டதுன்னா தீட்டு ஆச்சே," என்று முணுமுணுத்துவிட்டார்கள். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பிள்ளை பிறந்த வீட்டார் தீட்டுக் கழியும்வரை கோயிலுக்குள் வரமாட்டார்கள். இங்கே பிள்ளைப்பேறு நடந்ததே கோயிலுக்குள் என்றால் கும்பாபிஷேகம் எப்படி நடத்துவது? வௌவால் பறவையானால் வம்பில்லை. கூடு கலைந்தது என்று போய்விடும். பாலூட்டியானால் பெரிய சிக்கல், தீட்டுக் கழியும்வரை நாளைத் தள்ளிப்போட வேண்டும். மிஸ்ஸிக்குத் தீட்டில் துளி நம்பிக்கையும் கிடையாது. பிரசவம் பார்த்துவிட்டுக் கையைக் கழுவி, நேராகப் போய் விளக்கேற்றுகிறவர் அவர். ஆனாலும் அன்று முகத்தைப் படு பக்தியாக வைத்துக்கொண்டு, "ஆமாலா, தீட்டுதான். பெரிய தீட்டு," என்றார்.

ஆபீசில் கணக்கெழுதும் கிராணி கைப்பேசியைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஆஸ்திரேலியாவில் முட்டை போடுகிற பாலூட்டி ஒன்று இருக்கிறதாம் என்று சொல்லித் தொலைத்தார். கங்காணி வெகுண்டுவிட்டார். "முட்ட போட்டாலும் பாலூட்டி, பறந்தாலும் பாலூட்டி, செதில் இருந்தாலும் பாலூட்டி. அப்ப எதுதான்யா பாலூட்டி இல்ல?"

"பால் குடுக்காதது," என்றார் மிஸ்ஸி.

பூசாரியைக் கேட்டோம். வௌவாலுக்குத் தீட்டு என்று எந்தச் சாத்திரத்திலும் தான் படித்ததில்லை, ஆனால் நன்றாகத் தேடிப் பார்க்க வேண்டும் என்று அவர் நழுவினார். கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை. "வௌவால் பறவையா பாலூட்டியா என்னும் பொருள் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது" என்று எழுதினேன். அந்தக் குறிப்பில் என் கையெழுத்து இருக்கிறது என்பதில் எனக்கு இன்றும் கொஞ்சம் பெருமைதான்.

கங்காணியின் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது, அது எல்லோருக்கும் தெரியும். அவருடைய மருமகள் செல்விக்கு எட்டாம் மாதம் தொடங்கியிருந்தது. குறித்த நாளில் கும்பாபிஷேகம் நடந்தால் அவர் கலசம் சுமந்து கோபுரம் ஏறலாம். தள்ளிப்போனால் பேரப்பிள்ளை பிறந்து, தீட்டில் மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று கழுத்தை வளைத்துப் பார்க்க வேண்டியதுதான். கோயிலுக்காக எத்தனையோ ஆண்டு அலைந்தவர் அவர். அந்த ஆசையில் தப்பொன்றும் இல்லை.

அடுத்த நாள் பகலில் மண்டபத் தரையில் ஒரு வௌவால் குட்டி விழுந்து கிடந்தது. சாயத்துக்கு அளவெடுக்க வந்த கங்காணிதான் முதலில் பார்த்தார். நசுக்காமல் நின்று என்னைக் கூப்பிட்டார், நான் மிஸ்ஸியைக் கூப்பிட்டேன். கையுறை போட்டுக்கொண்டு அவர் அதைத் துணியில் ஏந்தினார். கட்டைவிரல் அளவுகூட இல்லை. தொப்புள்கொடியின் காய்ந்த நுனி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. மிஸ்ஸி அதன் சிறகை மெல்ல விரித்துக் கங்காணியின் கண்ணருகே கொண்டுபோனார்.

"இது றெக்க இல்ல கங்காணி, கை. எண்ணிப் பாருங்க. கட்டவிரல் கொக்கி மாதிரி வெளிய நிக்குது, மத்த நாலும் தோலுக்குள்ள நீட்டமா ஓடுது. உங்க கையி, என் கையி, குரங்கு கையி, எல்லாம் இதே எலும்புதான். அவரவர் பொழப்புக்கு நீட்டிக்கிட்டும் சுருக்கிக்கிட்டும் இருக்கோம்."

கங்காணி எண்ணினார். நேர்மையான மனிதர், இரண்டு தடவை எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு, "இருந்தாலும் பறவதான்," என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். மிஸ்ஸி தூணில் ஒரு சாக்குத் துணியை உயரமாகக் கட்டி, குட்டியை அதில் பற்றிக்கொள்ள வைத்தார். வெளிச்சம் மங்கும் நேரத்தில் ஒரு பெரிய வௌவால் தாழப் பறந்து வந்து சாக்கில் ஒட்டியது. திரும்பிப் பறந்தபோது குட்டி அதன் வயிற்றோடு போனது. "ஆயிரம் குட்டி இருந்தாலும் தன்னோடது எதுன்னு அதுக்குத் தெரியும்," என்று மிஸ்ஸி மூக்கைத் துடைத்துக்கொண்டார். சளி என்றார். நான் நம்பியதாகக் காட்டிக்கொண்டேன்.

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. ஒரு மதியம் கங்காணி என் வீட்டுக் கதவைத் தட்டினார். செல்விக்கு வலி எடுத்துவிட்டது, காலத்துக்கு வெகு முன்பாகவே. அவருடைய மகன் சிங்கப்பூரில் வேலையில் இருந்தான், கங்காணியின் மனைவி ஈப்போவில் மகள் வீட்டில். என் வேனில் ஏற்றிக்கொண்டு தானா ராத்தா மருத்துவமனைக்குக் கிளம்பினோம். தோட்டத்து எல்லையைத் தாண்டவில்லை, பாதையில் மண் சரிந்து கிடந்தது. வேனைத் திருப்பிக்கொண்டு கிளினிக்குக்கு வந்தோம். மழை இருட்டு, மின்சாரமும் இல்லை. என் கையில் டார்ச் லைட்டைக் கொடுத்து, வேறு பக்கம் திரும்பி நின்று பிடிக்கச் சொன்னார் மிஸ்ஸி.

பையன் பிறந்தான். அழுகை வந்தது, ஆனால் அது அழுகை என்று சொல்லத் தகுந்ததாக இல்லை. இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கும் உடம்பு, தொட்டால் சில்லென்று இருந்தது. செல்விக்கு இரத்தம் நிற்கவில்லை. மிஸ்ஸிக்கு இருப்பது இரண்டு கை; இரண்டும் செல்விக்கு வேண்டும். குழந்தையைத் துடைத்து, தலைக்கு ஒரு துணிக் குல்லாய் போட்டுவிட்டுத் திரும்பினார்.

"சட்டையக் கழட்டுங்க கங்காணி."

"நானா?"

"நீங்கதான்லா. தம்பி நெஞ்சுல சதையே இல்ல, அவரு டார்ச் பிடிக்கட்டும். சீக்கிரம்."

கூட்டத்தில் எதிரும் புதிருமாக நின்ற மனிதர், மறுபேச்சுப் பேசாமல் சட்டையைக் கழற்றினார். நரைத்த முடி அடர்ந்த அந்த மார்பின்மேல் குழந்தையைப் படுக்க வைத்து, செல்வியின் கைலியால் இறுக்கிச் சுற்றிக் கட்டினார் மிஸ்ஸி. மேலே கம்பளி. "அசையக் கூடாது. உங்க சூடுதான் இப்ப அவனுக்கு அடுப்பு," என்றார். கங்காணி பெஞ்சில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தார். இருமக்கூட இல்லை.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று எனக்குத் தெரியாது. மழை தகரக் கூரையில் அடித்துக்கொண்டே இருந்தது. "சூடு ஏறுதா மிஸ்ஸி?" என்று கங்காணி கேட்பார். "ஏறும். அதுக்குத்தான் நமக்கு ரத்தத்த சூடா வச்சிருக்கு," என்று செல்வியிடமிருந்து கண்ணை எடுக்காமல் மிஸ்ஸி சொல்வார். மறுபடி கேட்பார், மறுபடி சொல்வார். அந்தக் குரலில் இருந்த நிதானம் எங்கள் மூவரையும் பிடித்து உட்கார வைத்திருந்தது. பிறகு கங்காணி வேறு மாதிரிக் கூப்பிட்டார்.

"மிஸ்ஸி, என்னமோ தேடுறான். வாயத் தொறந்து தொறந்து என் நெஞ்சுல தேடுறான்."

மிஸ்ஸி முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். செல்வியின் இரத்தம் அதற்குள் நின்றிருந்தது. "பால் தேடுறான்யா. பொழச்சிட்டான். உங்ககிட்ட இருந்தத நீங்க குடுத்துட்டீங்க, மீதிய அவங்க அம்மா குடுப்பா," என்று வந்து கட்டை அவிழ்த்தார். பையன் தாயிடம் போய் வாய் வைத்தான். கங்காணி சட்டையை உள்புறம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு வெளியே போய் மழையில் நின்றார்.

பாதை சரியாகி ஆம்புலன்ஸ் வந்து தாயையும் பிள்ளையையும் ஏற்றிப் போன பிறகு, அவரை வேனில் வீட்டில் விட்டேன். இறங்கும்போது, "தம்பி, அந்த வௌவால் குட்டியும் இப்படித்தான் தேடுமா?" என்று கேட்டார். மிஸ்ஸியைத்தான் கேட்க வேண்டும் என்றேன். "வேணாம். அந்தம்மாகிட்ட கேட்டா இன்னும் ஒரு வருஷத்துக்குச் சொல்லிக்காட்டும்," என்றார்.

அடுத்த கூட்டத்தில் கங்காணி எழுந்தார். தீட்டு என்பதால் கோயிலுக்குள் வராமல், வாசலுக்கு வெளியே போட்ட நாற்காலியிலிருந்துதான் எழுந்தார். "வௌவால் பறவ இல்ல. கும்பாபிஷேகத்தத் தள்ளி வைங்க," என்றார். உள்ளேயிருந்து ஒரு குறும்புக்காரர், உங்களுக்கே தீட்டு வந்துவிட்டதால் சொல்கிறீர்களா என்று கேட்டார். சரியான கேள்விதான். கங்காணி யோசிக்கவே இல்லை. "அப்படி நெனச்சா, குறிச்ச நாள்லயே நடத்துங்க. கலசத்த வேற யாராச்சும் தூக்குங்க. நான் இங்கயே நின்னு பாத்துக்கிறேன். ஆனா புகை போடக் கூடாது." மிஸ்ஸி வாய் திறக்கவில்லை. அவர் வாய் திறக்காமல் இருந்த ஒரே கூட்டம் அது என்பதால் நன்றாக நினைவிருக்கிறது. பூசாரியும் தேடிப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது. சாத்திரத்தில் வௌவாலுக்குத் தீட்டு இல்லை, காத்திருக்கக் கூடாது என்றும் இல்லை என்றார்.

அழைப்பிதழில் புதிய தேதியை ஒட்டித்தான் கொடுத்தோம். தவிர்க்க முடியாத காரணத்தால் தள்ளிவைக்கப்பட்டது என்று நான் எழுதியிருந்தேன். மிஸ்ஸி அதை அடித்துவிட்டு, "பிரசவம் காரணமாக" என்று போடச் சொன்னார். மலையின் அந்தக் கோடியில் இருக்கும் கோலா தெர்லாவிலிருந்தெல்லாம் ஆட்கள் கூப்பிட்டு யாருக்குப் பிரசவம் என்று விசாரித்தார்கள். "நெறைய பேருக்கு," என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது.

குட்டிகள் பறக்கத் தொடங்கிய மாலைகளில் நிர்வாகக் குழுவே மண்டப வாசலில் அண்ணாந்து நின்றது. கங்காணி பேரனைத் துணியில் சுற்றிக்கொண்டு வெளியே நின்று காட்டினார். பையனுக்குக் கண் திறக்கவே நேரமில்லை, தூங்கிக்கொண்டிருந்தான். எல்லாம் பறந்து பழகிய பிறகு, அவை வெளியே போன நேரம் பார்த்துச் சந்துகளை வலை வைத்து அடைத்தோம். கோயிலுக்குப் பின்னால் மரத்தில் பெட்டி கட்டி வைத்தது தோட்டத்து ஆசாரி, மேற்பார்வை மிஸ்ஸி. கும்பாபிஷேகத்தில் கங்காணி கலசத்தோடு கோபுரம் ஏறினார். கீழே மிஸ்ஸி முதலுதவிப் பெட்டியோடு நின்று, "வயசான பாலூட்டி, பாத்து ஏறுங்க," என்று கத்தியது ஒலிபெருக்கியையும் மீறிக் கேட்டது.

போன மாதம் அந்தக் குரல் தூக்கத்திலேயே அடங்கிவிட்டது. முதல் நாள் சாயங்காலம்கூடப் பக்கத்து வீட்டுப் பூனைக்குப் பிரசவம் பார்த்திருக்கிறார். அவருடைய தம்பி மகன் ஒருவர் ஜொகூரிலிருந்து வந்து கொள்ளி வைத்தார். அதற்கு முன்பு, நெய்ப்பந்தம் பிடிக்கப் பேரப்பிள்ளைகள் யாராவது இருக்கிறார்களா என்று சடங்கு செய்கிறவர் கேட்டார். இல்லை என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் பிள்ளைகள் வரத் தொடங்கிவிட்டார்கள். அவர் கையில் பிறந்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், கங்காணியின் பேரன், அந்தக் கடைக்காரச் சீன அம்மாளின் மகன்கூட. பந்தத்துக்குக் குச்சி போதவில்லை, துணி போதவில்லை. வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போய்விட்டது. சடங்கு செய்கிறவர் திணறி, ஒவ்வொரு பந்தத்துக்கும் நாலு பேராகக் கை வைக்கச் சொன்னார். அந்தச் சாவு வீட்டில் எனக்குச் சிரிப்பு வந்தது, வெட்கப்படாமல் சிரித்தேன். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் ஆண்டுத் திருவிழாக் கொடியேற்றம். தலைவருக்குத்தான் முதல் மரியாதை. கங்காணி வேட்டி கட்டி வந்திருந்தார், ஆனால் வாசலைத் தாண்டவில்லை. பூசாரி உள்ளேயிருந்து வந்து கூப்பிட்டார்.

"எனக்குத் தீட்டு," என்றார் கங்காணி.

"உங்க வீட்ல ஒண்ணும் இல்லையே தலைவரே. மிஸ்ஸி உங்களுக்குச் சொந்தமும் இல்லையே."

கங்காணி மார்பில் கையை வைத்தார். "இங்க கட்டி விட்டாங்கயா. சொந்தம் இல்லங்கிறே."

நான் அதற்குள் ஒரு காலை உள்ளே வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். மிஸ்ஸி இருந்திருந்தால், போய்க் குளித்துவிட்டுச் சாமி கும்பிடுங்கள், வாசலில் நின்று கூட்டத்தை மறிக்காதீர்கள் என்று எங்கள் இருவரையும் ஏசியிருப்பார். பூசை முடிந்து பூசாரி தட்டை வாசலுக்கே கொண்டுவந்தார். திருநீற்றுக்கு நாங்கள் கை நீட்டவில்லை. என் தாய் தகப்பனுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் நான் தீட்டுக் காத்திருக்கிறேன். இரத்த உறவு, வழக்கம், காத்துத்தான் ஆக வேண்டும். மிஸ்ஸிக்குக் காத்த இது மட்டும் யாரும் சொல்லாமல் நானாகக் காத்தது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இதுதான்: அந்த வாசலில், கங்காணிக்குப் பக்கத்தில், மிஸ்ஸிக்குச் சொந்தக்காரனாக நான் நின்ற நாட்கள்.